கேரட் வாங்கிய 92

உடம்பைக் குறைக்க நினைக்கும் யாரிடமாவது ஒரு டயட் சார்ட் இருந்தால் வாங்கிப் பாருங்கள். 'தவிர்க்க வேண்டியவை' என்ற தலைப்பின் கீழே சர்க்கரை, மைதா, உருளைக்கிழங்கு என்று போய்க்கொண்டிருக்கும் வரிசையில் பல சமயம் கேரட்டும் உட்கார்ந்திருக்கும். மாம்பழம் இருந்தால் புரிகிறது. கேரட் என்ன பாவம் செய்தது? முயல் தின்கிற கிழங்கைத் தின்று யார் குண்டானார்கள்?

இதற்கு ஒரு பிறந்த தேதி உண்டு. 1981 மார்ச். அந்த மாதம் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் நியூட்ரிஷன்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. மொத்தமே 5 பக்கம். எழுதியவர்கள் டொராண்டோவில் வேலை பார்த்த டேவிட் ஜென்கின்ஸ், தாமஸ் வோலெவர், இன்னும் சிலர். கட்டுரையின் உயிர் அதிலிருந்த ஒரு பட்டியல்தான். 62 உணவுகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எண். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டிருந்தார்கள். வெள்ளை அரிசி 72. வெள்ளை ரொட்டி 69. நாம் காபியில் போடும் சர்க்கரை 59. ஐஸ்க்ரீம் 36. வேர்க்கடலை 13. கேரட் 92.

கிளைசெமிக் இண்டெக்ஸ், சுருக்கமாக ஜிஐ என்று இன்று அரிசிப் பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட் வரை அச்சடிக்கப்படும் எண் இப்படித்தான் உலகத்துக்கு வந்தது. அந்தக் கட்டுரையின் தலைப்பைப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். கார்போஹைட்ரேட் உணவுகளில் எதற்கு எதை மாற்றாகக் கொடுக்கலாம் என்பதற்கு உடலியல் ரீதியான அடிப்படை தேடினார்கள். அதாவது நீரிழிவுக்காரர்களுக்கான மாற்றுப்பட்டியல். எடை குறைப்பது பற்றி அவர்கள் தேடவில்லை. சர்க்கரை நோயாளியின் காலை ரொட்டிக்குப் பதில் எதைக் கொடுக்கலாம் என்று கேட்ட ஒரு எண், பத்துப் பதினைந்து வருடத்துக்குள் உலகம் முழுக்க இடுப்பளவு குறைப்பவர்களின் வேதமாக எப்படி மாறியது என்பதுதான் எனக்கு சுவாரசியமான கதை. அந்தப் பயணத்தில் எண் மாறவில்லை. அது எதற்குப் பதில் என்பது மட்டும் மாறிவிட்டது.

சர்க்கரை நோய்க்கான பத்தியம் எடை குறைப்பவர்களிடம் போய்ச் சேர்வது இது முதல் தடவையும் இல்லை. 1860-களில் லண்டனில் வில்லியம் பாண்டிங் என்று ஒருவர் இருந்தார். பெரிய இடத்து இறுதி ஊர்வலங்களை ஏற்பாடு செய்து தருகிற குடும்பத் தொழில். ஐந்தடி ஐந்தங்குல உயரம், 202 பவுண்டு எடை. குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது, மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். காது மந்தமாகிறதே என்று வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரைப் போய்ப் பார்த்தார். ஹார்வி அதற்குச் சில வருடம் முன்பு பாரிஸில் கிளாட் பெர்னார்டின் உரைகளைக் கேட்டவர். கல்லீரலும் சர்க்கரையும் நீரிழிவும் பற்றிய உரைகள். நீரிழிவுக்காரர்களுக்கு மாவும் இனிப்பும் குறைத்தால் நல்லது என்றால், இந்தக் குண்டு மனிதருக்கும் அதையே சொல்லிப் பார்ப்போமே என்று தோன்றியிருக்கிறது. ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். ஒரு வருடத்தில் 46 பவுண்டு குறைந்தது. பாண்டிங் 1863-இல் அதை ஒரு சிறு பிரசுரமாகத் தன் செலவிலேயே அச்சடித்தார். ஸ்வீடன் மொழியில் இன்றும் 'பண்டா' என்றால் உடம்பைக் குறைக்கச் சாப்பாட்டைக் குறைப்பது என்று அர்த்தம். ஒரு ஈமச்சடங்கு ஏற்பாட்டாளரின் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது! (இன்சுலினைக் கண்டுபிடித்த ஃப்ரெடரிக் பாண்டிங் இவருக்குத் தூரத்து உறவு. அதுவும் டொராண்டோவில்தான், 1921-22-இல். இந்தக் கதை திரும்பத் திரும்ப அந்த ஊருக்கே போகிறது.)

இன்சுலின் வருவதற்கு முந்தைய சர்க்கரை வைத்தியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாமிசப் பத்தியம், ஓட்ஸ் பத்தியம், பட்டினி என்று பலதும் இருந்தன. 1870-இல் பாரிஸ் முற்றுகையிடப்பட்டு ஊரே பட்டினி கிடந்தபோது, சில நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை காணாமல் போனதை பூஷார்தா என்ற மருத்துவர் கவனித்தார். சோறு இல்லாத ஊரில் சர்க்கரை நோயும் தணிந்தது. அதைச் சிகிச்சை என்று சொல்ல மனசு வருவதில்லை.

இன்சுலின் வந்தபிறகு நோயாளிகள் உயிரோடு இருந்தார்கள், சாப்பிட்டார்கள், ஆகவே எவ்வளவு சாப்பிடலாம் என்ற கணக்கு தேவைப்பட்டது. 1950-இல் அமெரிக்காவில் மாற்றுப்பட்டியல் முறை வந்தது. ஒரு துண்டு ரொட்டியில் 15 கிராம் கார்போஹைட்ரேட் என்றால், அதே 15 கிராம் வருகிற அளவு சோறோ உருளைக்கிழங்கோ எடுத்துக்கொள்ளலாம், எல்லாம் சமம். இதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கை. சர்க்கரை சின்ன மூலக்கூறு, அதனால் ரத்தத்தில் சட்டென்று ஏறும். மாவுச்சத்து நீளமான சங்கிலி, உடைய நேரமாகும், அதனால் மெதுவாக ஏறும். 'சிம்பிள்', 'காம்ப்ளக்ஸ்' என்று இன்றைக்கும் ஜிம் பயிற்சியாளர்கள் சொல்வது இதைத்தான். கேட்க நியாயமாக இருந்தது. நியாயமாக இருந்ததால் யாரும் அதிகம் அளந்து பார்க்கவில்லை.

1970-களில் ஸ்டான்ஃபோர்டில் ஃபிலிஸ் கிராப்போ, ஜெரால்ட் ரீவன் முதலியவர்கள் அளந்தார்கள். உருளைக்கிழங்கு கிட்டத்தட்ட குளுக்கோஸ் மாதிரியே ரத்தத்தில் ஏறியது. அரிசியும் சோளமும் அவ்வளவு ஏறவில்லை. எல்லாமே மாவுச்சத்துதான், ஆனால் எல்லாம் ஒன்றாக நடந்துகொள்ளவில்லை.

ஜென்கின்ஸ் வந்தது வேறு பக்கத்திலிருந்து. அவர் இங்கிலாந்துக்காரர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். அப்போது இங்கிலாந்தில் நார்ச்சத்து அலை அடித்துக்கொண்டிருந்தது. உகாண்டாவில் பல வருடம் வேலை செய்து திரும்பிய டெனிஸ் பர்கிட், ஹியூ ட்ராவல் என்ற இரண்டு டாக்டர்கள், ஆப்பிரிக்கக் கிராமத்தான் சாப்பிடுகிற நார்தான் அவனை மேற்கத்திய நோய்களிடமிருந்து காக்கிறது என்று சொல்லி வந்தார்கள். (பர்கிட் ஊர் ஊராகப் போய் ஜனங்களின் மலத்தை எடை போட்டவர். சபையில் அதன் படங்களைக் காட்டியும் பேசுவார்.) ஜென்கின்ஸ் எடுத்துக்கொண்ட நார் நமக்குத் தெரிந்ததுதான்: குவார் பிசின். நம் கொத்தவரங்காய் இருக்கிறதே, அதன் முற்றிய விதையிலிருந்து எடுக்கிற பிசின். ராஜஸ்தானில் ஏக்கர் ஏக்கராக விளைகிறது. உணவோடு அதையும் பெக்டினையும் கலந்து நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்தபோது சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைந்தது. 1976-இல் லான்செட்டில் வெளியிட்டார்கள். காரணம் ரொம்ப எளிது. பிசின் வயிற்றில் கூழாகி, உணவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சிறுகுடலுக்குள் குளுக்கோஸ் மெதுவாகத்தான் போகிறது. மாவின் அளவு மாறவில்லை, வேகம் மாறியது.

வேகத்தைப் பிசின் போட்டுக் குறைக்கலாம் என்றால், பிசின் போடாமலேயே மெதுவாகப் போகிற உணவுகள் எவை? டொராண்டோவுக்குப் போன பிறகு இந்தக் கேள்வியைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பின்னால் வரும் குழப்பமெல்லாம் இதற்குள்தான் இருக்கிறது. ஆரோக்கியமான சிலரைக் கூப்பிடுவார்கள். இரவு முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் காலையில் வருவார்கள். ஒரு நாள் 50 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அடுத்த 2 மணி நேரம் குறிப்பிட்ட இடைவெளிகளில் விரல் நுனியைக் குத்தி ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை அளவைப் புள்ளி வைத்து இணைத்தால் ஒரு குன்று மாதிரி ஏறி இறங்கும். அந்தக் குன்றின் பரப்பளவைக் கணக்கிடுவார்கள். இன்னொரு நாள் அதே ஆள் 50 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிற அளவுக்குச் சோறோ ரொட்டியோ சாப்பிடுவார். மறுபடி குன்று, மறுபடி பரப்பளவு. இரண்டாவது குன்று முதல் குன்றில் எத்தனை சதவீதம்? அதுதான் ஜிஐ. ஒரு உணவுக்கு 5 முதல் 10 பேர் வரை, அவர்களின் சராசரி. பின்னாளில், 2010-இல், இதற்கு சர்வதேசத் தர விதியே வந்தது. 55-ம் அதற்குக் கீழும் என்றால் குறைவு, 70-ம் அதற்கு மேலும் என்றால் அதிகம், நடுவில் இருப்பது நடுத்தரம் என்று பிரித்துக்கொண்டார்கள்.

இதில் என்ன அளக்கப்படுகிறது, என்ன அளக்கப்படவில்லை என்று பாருங்கள். வேகமும் உயரமும் அளக்கப்படுகின்றன. ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடுவோம் என்பது அளக்கப்படவில்லை. எத்தனை கலோரி என்பது இல்லை. கொழுப்பு எவ்வளவு என்பது இல்லவே இல்லை. சொல்லப்போனால் கொழுப்பு சேர்ந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், எண் இன்னும் கீழே இறங்கும். ஐஸ்க்ரீம் 36 வாங்கியது இதனாலும்தான்.

62 எண்களும் வெளிவந்தபோது பலருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. முழுக்கோதுமை ரொட்டி 72, வெள்ளை ரொட்டி 69. கேக் 46. சாக்லேட் மிட்டாய் 68, உருளைக்கிழங்கு 70. பழுப்பரிசி 66, வெள்ளை அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. சிறுதானியம் 71! (இன்றைக்கு நம்மூரில் தினையும் சாமையும் விற்பவர்கள் இந்த வரியைப் படிக்காமல் இருப்பது நல்லது. உண்மையில் 'சிறுதானியம்' என்பது ஒரு பயிரின் பெயரில்லை. எது, எவ்வளவு தீட்டியது, மாவாக்கியதா முழுசா, கூழா சோறா என்பதைப் பொறுத்து எண் மாறும்.) நீளச் சங்கிலி மெதுவாகப் போகும் என்ற பழைய நம்பிக்கை அந்தப் பட்டியலோடு சரி. பருப்பும் பயறும் மட்டும் எல்லாரும் நினைத்தபடியே 30-ஐ ஒட்டி நல்ல பிள்ளையாக இருந்தன.

எதிர்ப்பும் பலமாக வந்தது. வேடிக்கை என்னவென்றால் முதலில் அளந்த ஸ்டான்ஃபோர்டுக்காரர்களே எதிர்த்தார்கள். யாரும் வெறும் சோற்றை மட்டும் தனியாகத் தின்பதில்லையே, குழம்பு, கறி, எண்ணெய் எல்லாம் சேரும்போது இந்த வித்தியாசங்கள் கரைந்துவிடுகின்றன என்பது அவர்கள் வாதம். அப்படிக் கரையவில்லை, சேர்த்துக் கணக்குப் போடலாம் என்று டொராண்டோ பதில் சொன்னது. 1980-கள் முழுக்க இந்தச் சண்டை. அமெரிக்க நீரிழிவு வட்டாரங்கள் நெடுநாள் தயங்கின. ஆஸ்திரேலியாவும் கனடாவும் ஏற்றுக்கொண்டன.

இனி கேரட்டுக்கு வருவோம். கேரட்டில் பெரும்பகுதி தண்ணீர். 50 கிராம் என்ற அளவுகோலை அதற்கு அப்படியே வைத்தால் ஒரு ஆள் ஒரே மூச்சில் அரைக் கிலோவுக்கு மேல் கேரட்டை மெல்ல வேண்டும். எந்தப் பொரியலில் அவ்வளவு விழுகிறது? தவிர, ஒரு சிலரிடம் மட்டும் எடுத்த சராசரி அது. ஆளுக்கு ஆள் வித்தியாசமும் அதிகம். பிறகு வந்த சோதனைகளில் எண் இறங்கிக்கொண்டே போனது. சிட்னியில் ஜென்னி பிராண்ட்-மில்லர் குழு தொகுத்த 2002-ஆம் வருட சர்வதேசப் பட்டியலில் கேரட்டின் சராசரி 47. 92 எங்கே, 47 எங்கே!

அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 1997-இல் ஹார்வர்டில் வால்டர் வில்லெட்டின் குழு 'கிளைசெமிக் லோட்' என்று இன்னொரு கணக்கைக் கொண்டு வந்தது. ஜிஐயை, தட்டில் உண்மையில் இருக்கிற கார்போஹைட்ரேட் கிராமால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். 20-க்கு மேல் போனால் அதிகம். ஒரு பரிமாறல் கேரட்டுக்கு 3 வந்தது. தர்பூசணிக்கு ஜிஐ 72, லோட் 4. இரண்டும் நிரபராதிகள். ஆனால் தீர்ப்பு வந்து சேர்வதற்குள் தண்டனை உலகம் முழுக்கப் பரவிவிட்டிருந்தது.

பரப்பியவர்களில் முக்கியமானவர் மிஷேல் மோந்தின்யாக், பிரெஞ்சுக்காரர், மருந்துக் கம்பெனி ஒன்றில் நிர்வாகியாக இருந்தவர். குண்டாக வளர்ந்த பையன். வேலை நிமித்தம் தினமும் ரெஸ்டாரண்டில் விருந்து சாப்பிட வேண்டியவர். ஜிஐ ஆய்வுகளைப் படித்து, தன் மேலேயே சோதித்து, 1980-களின் பின்பாதியில் புத்தகம் போட்டார். லட்சக்கணக்கில் விற்றது. அவர் சொன்னதன் சாரம் இது: கலோரி எண்ணாதீர்கள், ஜிஐ அதிகமானது இன்சுலினைக் கிளப்பும், இன்சுலின் கொழுப்பைச் சேர்த்து வைக்கும், ஆகவே ஜிஐயைக் குறைத்தால் போதும், சீஸும் ஒயினும் கறுப்பு சாக்லேட்டும் இருக்கட்டும். பிரெஞ்சுக்காரனிடம் இதைவிட இனிமையான செய்தியைச் சொல்ல முடியாது. உருளைக்கிழங்கும், வேகவைத்த கேரட்டும் விலக்கப்பட்டன.

நீரிழிவுக்கான எண் எடைக்கான எண்ணாக மாறிய இடம் இதுதான். 1996-இல் பிராண்ட்-மில்லரும் சகாக்களும் ஆஸ்திரேலியாவில் பொதுமக்களுக்கான புத்தகம் எழுதினார்கள். கனடாவில் இதய அறக்கட்டளைத் தலைவராக இருந்த ரிக் கேலப் 2002-இல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று போக்குவரத்து விளக்கு மாதிரி உணவுகளைப் பிரித்தார். 2003-இல் அமெரிக்க இதய மருத்துவர் ஆர்தர் அகட்ஸ்டனின் சவுத் பீச் டயட். கடைசியில் சொல்லிச் சொல்லி அது பொது அறிவாகிவிட்டது.

அதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்லவும் முடியாது. பாஸ்டனில் டேவிட் லட்விக் 1999-இல் செய்த ஒரு சோதனை எனக்குப் பிடிக்கும். 12 குண்டுப் பையன்கள். கலோரி சமமான மூன்று வகை உணவு: உடனடி ஓட்ஸ் கஞ்சி, உடைத்த முழு ஓட்ஸ் கஞ்சி, காய்கறி போட்ட ஆம்லெட். அப்புறம் வேண்டியதைச் சாப்பிடலாம். உடனடி ஓட்ஸ் சாப்பிட்ட நாளில் பையன்கள், முழு ஓட்ஸ் நாளைவிட 53 சதவீதம் அதிகம் சாப்பிட்டார்கள். ஆம்லெட் நாளைவிட 81 சதவீதம் அதிகம். சர்க்கரை சட்டென்று ஏறி சட்டென்று இறங்கினால் பசி சீக்கிரம் வருகிறது. காலையில் நாலு பூரி கிழங்கு சாப்பிட்டுவிட்டு 11 மணிக்கு பஜ்ஜிக் கடையைத் தேடியவர்களுக்கு இதைப் புரிய வைக்கவே வேண்டாம்.

ஆனால் ஒரு நாள் பசி வேறு, ஒரு வருட எடை வேறு. ஆஸ்திரேலியாவில் கெரின் ஓ'டியா 1982-இல் செய்த ஆய்வு ஒன்று உண்டு. நகர்ப்புறமாகிவிட்ட, நீரிழிவு வந்த 10 ஆதிகுடி மக்கள், 7 வாரம் தங்கள் பழைய நிலத்துக்கே போய் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்தார்கள். சராசரி 8 கிலோ குறைந்தது, சர்க்கரை பெரிதும் சீரானது. இதை ஜிஐ கட்சிக்காரர்கள் சொல்வார்கள், கார்போஹைட்ரேட் எதிர்ப்பாளர்களும் சொல்வார்கள், பழங்கால உணவுக் கட்சியும் சொல்லும். கட்டுரையைப் படித்தால், அவர்களுக்கு அங்கே கிடைத்தது நாளொன்றுக்குச் சுமார் 1200 கலோரி, அதில் பெரும்பகுதி கொழுப்பில்லாத மாமிசம், அதற்காக நாள் முழுக்க நடை. எல்லாமே ஒரே சமயத்தில் மாறியது. புகழை யாருக்குக் கொடுப்பது?

இதைப் பிரித்துப் பார்க்கத்தான் சோதனைகள். 2007-இல் காக்ரேன் அமைப்பு அதுவரை வந்த எடைக் குறைப்புச் சோதனைகளைத் தொகுத்தபோது, குறைந்த ஜிஐ சாப்பிட்டவர்களுக்கு மற்றவர்களைவிட ஒரு கிலோ போல் கூடுதலாகக் குறைந்திருந்தது. ஒரு கிலோ! 2010-இல் ஐரோப்பாவின் 8 நாடுகளில் நடந்த டயோஜீன்ஸ் ஆய்வு. ஏற்கெனவே எடை குறைத்த 773 பேர் அதைத் தக்கவைக்க முடிகிறதா என்று 26 வாரம் பார்த்தது. புரதம் குறைவு, ஜிஐ அதிகம் என்றிருந்த குழுவுக்கு மட்டுமே எடை குறிப்பிடும்படி திரும்ப ஏறியது. இது ஜிஐக்கு நல்ல சாட்சியம்தான், ஆனால் புரதத்தோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய சாட்சியம். 2023-இல் காக்ரேன் மறுபடி தொகுத்தது. இந்த முறை, எடையில் வித்தியாசம் இல்லை அல்லது மிகச் சொற்பம் என்று முடிந்தது. என் கணிப்பு, இன்னும் பத்து வருடம் கழித்துத் தொகுத்தாலும் பெரிதாக மாறாது.

இதற்கு நேர் எதிராக, எண் பிறந்த பழைய துறையில் அதன் மரியாதை கூடியிருக்கிறது. 2021-இல் ஜென்கின்ஸின் பெயரிலேயே ஒரு பெரிய கட்டுரை. 20 நாடுகளில் 1,37,851 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்த ப்யூர் ஆய்விலிருந்து. அதிக ஜிஐ உணவு உண்டவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம், மரணம் அதிகமாக இருந்தன. இது பின்தொடர்ந்து கவனித்த ஆய்வு, காரணத்தை அறுதியிட்டுச் சொல்லாது. இருந்தாலும் 40 வருடம் முன்பு கேட்ட கேள்விக்கு அது கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறது.

இந்த இரண்டு வரலாறும் ஒரே ஆளின் தட்டில் வந்து மோதுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என் சித்திக்குச் சர்க்கரையும் உண்டு, உடம்பும் அதிகம். மயிலாடுதுறையில் அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய ஒரு சார்ட் பல வருடமாகத் தொங்குகிறது. அதில் கேரட், பீட்ரூட் இரண்டுக்கும் சிவப்பு மையில் கோடு.

"கேரட்ல சர்க்கரை ஜாஸ்தியாம்டா. எழுதியே குடுத்துட்டாங்க."

"அதெல்லாம் பழைய கணக்கு சித்தி. நீங்க தாராளமா சாப்பிடலாம்."

"நீ டாக்டரா?"

இதற்கு மேல் என்ன பேசுவது? அன்றைக்கு டிபனுக்கு 'லோ ஜிஐ' என்று போட்டிருந்த மாவில் சப்பாத்தி. சித்தப்பா மூன்று சாப்பிட்டார். சித்தி ஐந்து. "இது ஏறாதுடா, அதான் இந்த மாவு" என்று ஆறாவதையும் எடுத்துக்கொண்டார். நெய் தடவியது. நெய் தடவினால் ஜிஐ இன்னும் குறையும் என்பது வாட்ஸாப்பில் வந்ததாம். சித்தி சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நெய் ஜிஐயைக் குறைக்கத்தான் செய்யும். சப்பாத்தி ஐந்து தின்றால் ஜிஐ அதேதான், லோட் ஐந்து மடங்கு. எடை மெஷினுக்கு இந்த இரண்டுமே தெரியாது, அதற்கு மாவும் நெய்யும்தான் தெரியும். வீட்டில் காய்கறி வாங்குகிற பழக்கம் குறைந்து அந்த மாவு மட்டும் மாசாமாசம் வருகிறது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நம் பக்கத்துச் சிக்கலே அரிசிதான். 1981 பட்டியலில் 'வெள்ளை அரிசி 72' என்று ஒரே வரி. எந்த அரிசி? பச்சரிசியா, புழுங்கலரிசியா? புதுசா, பழசா? குழைந்ததா, விதைவிதையாக வெந்ததா? மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை. அமைலோஸ் அதிகமான அரிசி விறைப்பாக வேகும், மெதுவாகச் செரிக்கும். ஒட்டரிசியில் அமைலோபெக்டின்தான், சட்டென்று கரையும். நெல்லைப் புழுக்கி உலர்த்தும்போது மாவுச்சத்து ஒருமுறை வெந்து, ஆறி, இறுகிவிடுகிறது. இறுகிய பகுதியை நொதிகள் சுலபமாக உடைக்க முடிவதில்லை. நம் பாட்டிமார் புழுங்கலரிசியைத் தேர்ந்தெடுத்தது இதற்காக என்றெல்லாம் நான் பெருமையடிக்க மாட்டேன். புழுக்கினால் நெல் உடையாது, பூச்சி குறைவு, அதற்காகச் செய்தார்கள்.

பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 235 அரிசி வகைகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டபோது ஜிஐ 48-லிருந்து 92 வரை பரவியிருந்தது, சராசரி 64. நம்மூரில் நிறைய விளைகிற ஸ்வர்ணா, குறைந்த ஜிஐ பட்டியலில் வந்தது. சென்னையில் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2012-இல் மூன்று இந்திய அரிசிகளைச் சோதித்தது. சோனா மசூரி 72, பொன்னி 70, சூரத்தி கோலம் 77. மூன்றுமே 'அதிகம்'. பிறகு அதே குழுவினர் வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஏடிடி 43 ரகத்திலிருந்து நார்ச்சத்து கூடிய ஒரு வெள்ளை அரிசியை உருவாக்கினார்கள். பார்க்க வெள்ளை வெளேரென்றுதான் இருக்கும், ஜிஐ மட்டும் சாதாரண வெள்ளை அரிசியின் 79-க்குப் பதில் 61. பழுப்பரிசியைப் பிடிக்காதவர்களுக்கு, அதாவது நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு, இது நல்ல காரியம். ஆனால் 61 என்பது விதிப்படி 'நடுத்தரம்', 'குறைவு' இல்லை.

எண் ஒட்டியிருப்பது அரிசியின் மேலா, சாப்பிடுகிறவர் மேலா என்ற கேள்வியும் இருக்கிறது. 2015-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் 800 பேரின் உடம்பில் ஒரு வாரம் சென்சார் பொருத்திப் பார்த்தார்கள். ஒருவருக்கு வாழைப்பழம் ஏற்றியது, பிஸ்கட் ஏற்றவில்லை. இன்னொருவருக்கு நேர் தலைகீழ். மறுவருடம் பாஸ்டனில் 63 பேருக்கு ஒரே வெள்ளை ரொட்டியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது சராசரி 62. அதிலேயே ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் நல்ல வித்தியாசம். ஒரே ரொட்டி ஒருவரிடம் 'குறைவு', அடுத்தவரிடம் 'அதிகம்'. சர்வதேசப் பட்டியலின் 2021 பதிப்பில் இப்போது 4000-க்கு மேற்பட்ட வரிகள் இருக்கின்றன.

அந்த 4000 வரிகளுக்கும் அளவுகோல் பெரும்பாலும் அதே 50 கிராம் கார்போஹைட்ரேட்தான். வெந்த சோறாகச் சொன்னால் 180 கிராம் போல வரும். எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியில் அது சாம்பாருக்காக முதல் நடையில் போடுகிற சாதம். ரசத்துக்கும் மோருக்கும் ஆள் இன்னும் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பவில்லை.